சாளையில் கேட்ட சொல்

வட்டிலில் போட்ட நெல்லுச்சோறு ஆவியடங்கி வெகுநேரமாகியும் அதன்மேல் ஒரு ஈகூட உட்காரவில்லை. ஆவணி மாசத்து உச்சி வெயில், மாட்டுக்கொட்டகையை ஒட்டின வீடு, இதில் ஈ தொடாத சோறு எங்கேயாவது உண்டா? சாலம்மாள் விசிறிமட்டையைக் கையில் பிடித்தபடி வெறுமனே உட்கார்ந்திருந்தாள். ஈயெல்லாம் அவள் புருசன் வெங்கடாசலத்தின் முதுகுச் சட்டையில் மொய்த்துக் கிடந்தது. அவன் தட்டிவிடவும் இல்லை.

"ஏனுங்க, சாப்புடுங்க. ஆறிப் போச்சு."

அவன் வட்டில் பக்கம் திரும்பவில்லை. செவ்வாய்ப்பேட்டைச் சந்தைக்குக் கடலைக்காய் ஏற்றிப் போனவன், விளக்கு வைத்த பிறகு வரவேண்டியவன், உச்சியிலேயே வந்துவிட்டான். வண்டிச் சத்தம் கேட்கவில்லை, வாசலில் கால் கழுவின சத்தமும் இல்லை. அடுப்படியிலிருந்து அவள் திரும்பிப் பார்த்தபோது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். விசயம் தெரிந்துபோய்த்தான் மூஞ்சி காட்டாமல் இருக்கிறான் என்று நினைத்தாள். இருக்கட்டுமே. எத்தனை நாளைக்கு அவள் மட்டும் வயிறெரிந்து கிடப்பது?

நாடே தலைகீழாகக் கிடந்த மாசம் அது. வெள்ளைக்காரன் தலைவர்களைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டான் என்று ஊருக்கு ஊர் தந்திக் கம்பியை அறுத்தார்கள், தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். பனமரத்துப்பட்டி ஏரிக்கரையில் போலீஸ் லாரி வந்து நின்றது. சாலம்மாளுக்கு அதெல்லாம் எந்த மூலைக்கு? புருசன் பத்து நாளாகத் தூக்குப்போசியில் சோறு எடுத்துக்கொண்டு கிணத்துமேட்டுச் சாளைக்குள் போகிறான். அந்தக் குடிசைக்குப் பக்கத்துத் தோட்டம் பொன்னாயியுடையது. தாலியறுத்து ரெண்டு வருசமாகியும் சிரித்தால் கன்னத்தில் குழி விழும், பாழாய்ப்போனவளுக்கு.

முந்தாநாள் பின்னாலேயே போய் ஓலைத் தடுக்கில் காது வைத்தாள்.

"ஒரு வாய் வாங்கிக்குங்க சாமி. என்ற சாமியில்லீங்களா," என்று உள்ளே கெஞ்சிக்கொண்டிருந்தான்.

பச்சைப் பிள்ளையையும் கிழவனையும் ஒரேமாதிரி 'ங்க' போட்டுச் சாமி என்று கூப்பிடுகிற சீமை இது. ஆனால் பதினோரு வருசமாகப் பிள்ளையில்லாதவள் காதில் ஒரு குழந்தைதான் விழுந்தது. பொன்னாயி நாலு மாசம் தாய்வீட்டில் இருந்துவிட்டு வந்தது எதற்கென்று அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

இன்று விடிந்ததும் அவனைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு நேரே ஏரிக்கரைக்குப் போனாள். "கம்பி அறுத்தவங்க எங்க சாளையில இருக்கறாங்க ஏட்டய்யா," என்றாள். போலீஸ் போகும், சாளைக்குள் பிள்ளையோடு இருக்கிற பொன்னாயியைக் கொண்டையைப் பிடித்து இழுத்துவரும், ஊர் காறித் துப்பும், புருசன் தனக்கே தனக்கென்று வீடு வந்து சேருவான் என்று நினைத்தாள். வந்து, நோம்பி நாளில் மட்டும் பொங்குகிற நெல்லுச்சோறு பொங்கினாள். கஞ்சி வடிக்கும்போது கிணத்துமேட்டுப் பக்கம் வேட்டுச் சத்தம் நாலு தரம் கேட்டது. அவள் வடித்து முடித்தாள்.

இப்போது வீட்டுக்குள் சோற்று வாசத்தை அமுக்கிக்கொண்டு வேறொரு வாசம் ஏறியது. கருகின வெடிமருந்து. ஈரமண். அதற்கடியில் இன்னொன்று, ஆட்டை அறுத்த இடத்தில் வருமே, அது.

வாசலில் ஓடிவந்த காலடி நின்றது. ஒருக்களித்த கதவுக்கு அந்தப் பக்கம் பொன்னாயியின் குரல்.

"அக்கா... சந்தை கடையடைப்பாமுங்க. மாமா பாதி வழியில திரும்பிச் சாளைக்கு வந்துட்டாருங்க. டவுன்ல குண்டு பட்ட கெழவர் ஒருத்தர அங்க வச்சுக் காப்பாத்திட்டு இருந்தாராமா. போலீசு ரெண்டு பேரயும் சுட்டுப் போட்டுட்டாங்கக்கா."

சாலம்மாள் விசிறிமட்டையைக் கீழே வைத்தாள்.

"கெணத்துமேட்டுல கெடத்தியிருக்கறாங்க. நாந்தேன் மொகத்தத் தொடச்சு உட்டேன். வாங்கக்கா."

திரும்பிப் பார்த்தாள். முதுகு அப்படியே இருந்தது. சட்டையில் மூன்று ஓட்டை. ஒவ்வொன்றின் வழியாகவும் எதிர்ச்சுவர் தெரிந்தது.

கத்த வாய் திறந்தாள். ஆனால் வெளியே பொன்னாயி தேம்பித் தேம்பி அழுகிற சத்தம் காதில் விழுந்தது. இவள் எதற்கு அழுகிறாள்? என் புருசனுக்கு இவள் எதற்கு அழவேண்டும்? தொட்டுத் துடைத்தாளாமே.

எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"அவரு இங்கதான் இருக்கறாரு," என்றாள். "நீ போ."

பொன்னாயி கதவைத் தட்டினாள். அக்கா, அக்கா என்றாள். தட்டிக்கொண்டே இருந்தாள்.

சாலம்மாளுக்குப் பின்னால் ஏதோ நகர்ந்தது. வட்டிலைத் தள்ளுகிற சத்தம். பிறகு தரையைத் தட்டுகிற சத்தம். மெதுவாக. தன் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் இடத்தைக் கையால் தட்டிக் காட்டினான் அவன்.

போனாள். உட்கார்ந்தாள்.

அவன் முகத்தைத் திருப்பினான்.

பொன்னாயி நன்றாகத்தான் துடைத்திருந்தாள். மூக்கு இல்லை. வாய் இல்லை. கழுவின சுவர் மாதிரி வெறும் தோல். கண்ணில்லாத அந்த முகம் அவளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது.