கசப்புச் சோதனை

மருந்தை இன்னும் அடிக்கவே இல்லை. அதற்குள் தலையில் உறையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்த ஆயாம்மா கையை உயர்த்திவிட்டார்.

“கசக்குது சிஸ்டர்.”

“நான் இன்னும் பாட்டிலையே தெறக்கல ஆயாம்மா.”

“அதென்னமோ, தொண்டை வரைக்கும் கசக்குதும்மா.”

தலைமை நர்ஸ் சிரித்துச் சமாளித்தாள். அடுத்த தொற்று வருவதற்குள் ஊழியர்கள் எல்லோருக்கும் மாஸ்க் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்து எழுதுவது அவள் வேலை. மாஸ்க்கை மாட்டிவிட்டு, தோள் வரைக்கும் வெள்ளை உறை ஒன்றைக் கவிழ்த்து, கசப்பு மருந்தை அதற்குள் புகையாக அடிக்க வேண்டும். கசந்தால் மாஸ்க்கில் இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். நாளைக்குக் கிருமியும் அந்த வழியாகத்தான் வரும்.

அடுத்து எக்ஸ்ரே எடுப்பவர் வந்தார். கல்யாணத்துக்குக்கூட எடுக்காத தாடியை மாஸ்க்குக்காக மழித்துவிட்டு வந்திருந்தார். உறையைக் கவிழ்த்ததுதான் தாமதம், அவருக்கும் கசந்தது. உறையில் பழைய மருந்து ஒட்டியிருக்கும் என்று சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தாள். லேப் பெண்ணுக்கும் கசந்தது. பாக்கெட் பிரிக்காத புது உறையை எடுத்தாள், பிளாஸ்டிக் வாசனைகூடப் போகாதது. ஆம்புலன்ஸ் டிரைவர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, ஓடிப்போய் வாஷ்பேசினில் துப்பினார்.

ஆபீஸிலிருந்து போன் வந்தது.

“மத்தியானத்துக்குள்ள லிஸ்ட் வேணும் சிஸ்டர். எல்லாருக்கும் பாஸ் போட்டு அனுப்பிடுங்க. நோய் வந்தா அப்பப் பாத்துக்கலாம்.”

போனை வைத்தாள். எல்லோரையும் வெளியே காத்திருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

பதினோரு மணி வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் போட்டிருக்க, வராந்தாவில் ஸ்ட்ரெச்சரின் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டு போய்த் தேய்ந்து மறைய, தரை துடைத்த பினாயில் வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை, காய்ச்சல்காரரின் போர்வைக்குள் முகத்தை வைத்தால் வருமே, அந்த வெதுவெதுப்பான வாசனை, மெல்ல அறையை நிறைத்தது. நாற்காலியின் முதுகில் மாட்டியிருந்த உறை தளர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருக்கும்போது அது உப்பியது. ஒட்டியது. மறுபடி உப்பியது. உறையில் முகத்துக்கு நேரே கண்ணாடிபோல் இருந்த பிளாஸ்டிக் உள்ளிருந்து பனி பிடித்து வெளுத்தது.

மின்விசிறி சுற்றவில்லை. காற்றும் இல்லை.

யாரென்று அவளுக்குத் தெரிந்தது.

போன தொற்றின்போது பெரிய சைஸ் மாஸ்க் மட்டுமே வந்திருந்தது. அவள் தங்கையும் இதே ஆஸ்பத்திரியில்தான் நர்ஸ். வீட்டில் அவளுக்குப் பெயரே குட்டி, முகமும் அப்படித்தான். மாஸ்க்குக்கும் கன்னத்துக்கும் நடுவே விரல் நுழையும். இதே அறையில் உட்கார்ந்து, “கசக்குதுக்கா” என்றாள். “வார்டுல ஆள் இல்லடி. ரெண்டு நாள் சமாளி, சின்ன சைஸ் வந்துடும்” என்று சொல்லி, அக்காவே பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சின்ன சைஸ் வந்த அன்று குட்டிக்கு வாய்வழியே குழாய் போட்டிருந்தார்கள். உயிர் போகும்வரை பக்கத்தில் போக யாரையும் விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்றுகூடப் பார்க்க முடியவில்லை. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதவள், அந்தக் கையெழுத்தைப் பற்றி மட்டும் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை.

ஓடிவிடலாம். கதவு மூன்று அடியில்தான் இருந்தது.

அலமாரியில் சின்ன சைஸ் மாஸ்க் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தது. ஒன்றை எடுத்தாள். நாற்காலியின் முன்னால் முழங்காலிட்டாள்.

“பாஸ் போட்டது நாந்தான்டி. தெரிஞ்சேதான் போட்டேன்.”

உறை உப்பியது. ஒட்டியது.

மாஸ்க்கோடு கையை உறையின் அடிவழியாக உள்ளே விட்டாள்.

விரலில் ஒரு கன்னம் பட்டது.

கொதித்தது. ஈரமாக இருந்தது. கையை உதறத் தோன்றியது. முடியவில்லை. அந்தக் கன்னம் மெல்ல நகர்ந்து, அவள் உள்ளங்கையில் சாய்ந்துகொண்டது.

மாஸ்க் நழுவி விழுந்தது.

மூச்சு மணிக்கட்டில் பட்டது. வேகமாக. மேலோட்டமாக. நர்ஸ் அல்லவா, எண்ணாமல் இருக்க முடியவில்லை. நிமிடத்துக்கு நாற்பது இருக்கும். பிறகு முப்பது. பிறகு இருபது.

“வேணாம் குட்டி. வேணாம்டி.”

கதவைத் தட்டினார்கள். “சிஸ்டர், அடுத்த ஆளு வரலாமா?”

ஒரு மூச்சு.

நெடுநேரம் கழித்து, இன்னொன்று.

அவள் காத்திருந்தாள்.

பிளாஸ்டிக்கில் படிந்த பனி விலகியது. உள்ளே நாற்காலியின் முதுகு மட்டும் தெரிந்தது. அவள் உள்ளங்கையிலோ ஒரு தலையின் முழு பாரமும் தொய்ந்து கிடந்தது, மெல்ல மெல்லச் சில்லிட்டுக்கொண்டு.