விளக்குக்குக் கீழே ஒரு கோடு

திங்கட்கிழமை காலை. கிளப் விடுமுறைக்காக ஒரு வாரமாகப் பூட்டிக் கிடந்த குளத்துக் கேட்டை மேனேஜர் திறந்தார். நீச்சல் குளத்தில் தண்ணீர் இல்லை.

ஆழமான பக்கத்தில் மட்டும் முழங்கால் அளவுக்குக் கலங்கலாகத் தேங்கியிருந்தது. சுவரை மூடியிருந்த லைனர், அந்த நீல பிளாஸ்டிக் உறை, சுருங்கித் தொய்ந்து கிடந்தது. அந்தப் பக்கச் சுவரின் அடியில் ஒரு முழ நீளத்துக்குக் கிழிசல். கிழிசலின் கீழ் முனை வரைக்கும் தண்ணீர் வடிந்து, அங்கே நின்றுவிட்டிருந்தது. பக்கத்திலேயே ஒரு சிவப்பு ஹேர் கிளிப்.

கிளிப் தவளையுடையது.

பதினாறு வயதுப் பெண்ணுக்கு அந்தப் பெயர் வந்ததே, தண்ணீரில் இறங்கினால் ஏற மறுப்பதால்தான். கிளப்பின் குளத்தைப் பராமரிப்பது அவள் அம்மா. மோட்டார் ரூமுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் இருவருக்கும் வீடு.

"பூட்டுறதுக்கு முந்தின நாள் கடைசியா நீச்சலடிச்சது உன் பொண்ணுதான்," என்றார் மேனேஜர் அம்மாவிடம். "கிளிப்பால கீறி விளையாடியிருக்கா. நாளைக்கு கிளப் தலைவரம்மா வராங்க, லைனர் போடுறவரும் வரார். முழுசா மாத்தியே ஆகணும். நீங்க ரூமைக் காலி பண்ண ரெடியா இருங்க."

அம்மா திரும்பி, மகளின் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"கிளிப்பை அன்னிக்குக் கரையில பெஞ்சுலயே மறந்துட்டு வந்துட்டேம்மா."

"வாயை மூடு."

தவளை அழவில்லை. உள்ளுக்குள் கொதித்தாள். அடித்ததற்காக இல்லை, கேட்காமல் அடித்ததற்காக.

மறுநாள் காலை ஒன்பது மணி. அம்மா பிரஷ்ஷும் பக்கெட்டுமாகக் குளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க போற?" என்றாள் தவளை.

"இந்த அழுக்குக் கோட்டைத் தேய்க்கணும். தலைவரம்மா வரதுக்குள்ள முடிச்சிடணும்னு மேனேஜர் சொன்னார்."

அப்போதுதான் தவளை அந்தக் கோட்டைப் பார்த்தாள். வழக்கமான தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே சுவரில் பதித்திருந்த விளக்கின் கீழ் விளிம்பை ஒட்டி, குளத்தைச் சுற்றிப் பழுப்பாக ஒரே மட்டத்தில் ஓடியது. அதற்கு மேலேயும் பளிச். கீழேயும் பளிச்.

"தூக்கிப் போடப் போற லைனரை எதுக்கும்மா தேய்க்கணும்?"

"சொன்னா செய்யணும். இருக்கிற ரூமையாவது காப்பாத்தணும்ல."

பிரஷ் சுவரில் பட்டது. இரண்டடி தூரத்துக்குக் கோடு மறைந்தது. தவளை தாவிக் குதித்துப் பிரஷ்ஷைப் பிடுங்கினாள்.

"அடி வாங்கினது பத்தலையா?"

"இன்னொண்ணு கூட அடி. ஆனா பதில் சொல்லிட்டு அடி. இந்தக் கோடு முன்னாடி இருந்துச்சா?"

"எப்படி இருக்கும்? தினமும் சாயங்காலம் தண்ணி நிக்கிற ஓரத்தைத் தேய்க்கிறேன். எண்ணெய்ப் பிசுக்கு, தூசி எல்லாம் ஒட்டிக்கும். போன திங்கள்லேருந்து என்னை உள்ள விட்டாத்தானே?"

"தண்ணி எப்ப குறைய ஆரம்பிச்சுது?"

"போன மாசம் புது விளக்கு மாட்டினதுலேருந்தே. தினம் ஹோஸ் போட்டு நிரப்பிட்டிருந்தேன். ஒரு ராத்திரி பக்கெட்ல தண்ணி வெச்சு, இந்தப் படியில நிறுத்திப் பார்த்தேன். பக்கெட்ல கொஞ்சூண்டுதான் குறைஞ்சுது. குளத்துல நாலு விரல். மேனேஜர்கிட்ட சொன்னா, வெயில்ங்கிறார்."

"வெயில் பக்கெட்டை விட்டுட்டுக் குளத்தை மட்டும் குடிச்சுதாமா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள்.

பத்து மணிக்குத் தலைவரம்மா வந்தார். பின்னால் அளவெடுக்கும் டேப்போடு லைனர்காரர். மேனேஜரின் கண் முதலில் போனது சுவரில் இருந்த கோட்டுக்கு.

"தேய்க்கச் சொன்னேன்ல?"

"நான்தான் விடலை," என்றாள் தவளை. குரல் உயர்ந்தது. "மேடம், நான் இதைக் கிழிக்கலை. ரெண்டு நிமிஷம் கேளுங்க."

"சின்னப் பொண்ணு ஏதோ உளறுது மேடம்."

"உளறட்டும்," என்றார் தலைவரம்மா. "சொல்லு."

"ஓட்டை இருக்கிற மட்டம் வரைக்கும்தான் தண்ணி இறங்கும். இப்ப கிழிசல்கிட்ட நிக்குது பாருங்க. பூட்டுறதுக்கு முன்னாடியே நான் கிழிச்சிருந்தா, நேரா அங்க போயிருக்கணும். நடுவுல நிக்க வேலையே இல்லை. ஆனா இந்த விளக்குகிட்ட நாள் கணக்கா நின்னிருக்கு. நிக்காம இவ்வளவு அழுக்கு ஒட்டாது."

"அது பழைய கோடு," என்றார் மேனேஜர்.

"எங்கம்மா தினமும் தேய்க்கிறாங்க. ஒரு நாள் விட்டா நீங்கதானே ஊரைக் கூட்டுவீங்க? பூட்டின வாரத்துலதான் தேய்க்கலை. அந்த வாரம் தண்ணி இங்க நின்னுது. அப்படின்னா அப்ப கிழிசல் இல்லை. அதுக்கப்புறம் உள்ள வந்த யாரோதான் கிழிச்சிருக்காங்க. பெஞ்சுல கிடந்த என் கிளிப்பும் தானா நடந்து குளத்துக்குள்ள இறங்கியிருக்காது."

தலைவரம்மா மேனேஜர் பக்கம் திரும்பினார். "சாவி யார்கிட்ட இருந்தது?"

"ஆபீஸ்ல மேடம்."

"ஆபீஸ்ல யார்கிட்ட?"

மேனேஜரின் கை தன் பாக்கெட்டைத் தொட்டது.

"விளக்கைக் கழட்டுங்க," என்றார் தலைவரம்மா.

லைனர்காரர் நாலு திருகைக் கழற்றினார். உள்ளிருந்து வந்த, தண்ணீர் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம் காய்ந்த தோல் மாதிரி இருந்தது. அடிப்பாகம் பிய்ந்து போயிருந்தது. "விளக்குதான் புதுசு. வளையம் பழசு. இந்தக் கீழ் ஓரமாத்தான் தண்ணி போயிருக்கு. யாருங்க மாட்டினது?"

"அவசரத்துல என் மச்சான்..." என்று ஆரம்பித்து மேனேஜர் நிறுத்திக்கொண்டார்.

"மச்சான் மானத்தைக் காப்பாத்த எங்க குடியைக் கெடுத்தீங்களா?" என்றாள் தவளை. "தண்ணி விளக்குகிட்ட நின்னதும் உங்களுக்குப் புரிஞ்சு போச்சு. லைனரைக் கிழிச்சு முழுசா மாத்திட்டா, விளக்கையும் சத்தமில்லாம சரி பண்ணிடலாம். பழி எங்க தலையில."

மேனேஜர் தரையைப் பார்த்தார். தலைவரம்மா கையை நீட்டினார். சாவிக்கொத்து கை மாறியது.

"ஆபீஸ்ல போய் உட்காருங்க. வரேன்." பிறகு லைனர்காரரிடம், "மாத்தணுமா?"

"முதல்ல புது வளையம். அது இல்லாம எத்தனை லைனர் போட்டாலும் தண்ணி இங்க வந்துதான் நிக்கும். கிழிசலுக்கு ஒட்டு போதும். லைனர் காஞ்சு கொஞ்சம் சுருங்கியிருக்கு. மெதுவா தண்ணி விட்டுப் பார்ப்போம். சுவரோட ஒட்டி உட்கார்ந்துட்டா மாத்த வேண்டாம்."

தலைவரம்மா அம்மாவின் பக்கம் வந்தார். "ரூமைப் பத்திக் கவலைப்படாதீங்க. நான் முன்னாடியே விசாரிச்சிருக்கணும்."

எல்லாரும் போன பிறகு இருவரும் படியில் உட்கார்ந்தார்கள். அம்மா மகளின் கன்னத்தைத் தொட வந்தாள். தவளை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கேட்டுட்டு அடிச்சிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா எதுக்கு அடிக்கப் போறேன்," என்றாள் அம்மா. குரல் உடைந்தது.

பிறகு அம்மா பிரஷ்ஷைத் தேடினாள். "இப்பவாவது தேய்க்கட்டுமா?"

தவளை பிரஷ்ஷைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டாள்.

"மேனேஜர் கேட்டைத் தாண்டிப் போகட்டும். அதுவரைக்கும் கோடு இருக்கட்டும்."