கழுவாத சவரன்

ஞாயிறு மத்தியானம் நாணயத் தட்டைத் திறந்தபோது அந்த ஒரு நாணயம் மட்டும் நனைந்திருந்தது.

கிளிஃபர்ட் தட்டை ஜன்னலருகே கொண்டுபோனார். முப்பது வருடம் தேடிய 1841-ம் வருடத் தங்கச் சவரன். விக்டோரியா ராணியின் நாணய வரிசையில் கடைசியாகக் காலியாயிருந்த குழி அதனால்தான் நிரம்பியது. செவ்வாய்க்கிழமை வாங்கியபோது ராணியின் முகத்தில் மெல்லிய பிசுக்கு மட்டுமே இருந்தது. இப்போது அது மஞ்சளாகக் கெட்டிப்பட்டு, உதட்டோரம் நுரை கட்டி, நாள்கணக்கில் தண்ணீர் மாற்றாத கிண்ணத்தில் ஊறிய பல்செட்டைப் போல நாறியது. அடுப்பில் வெந்துகொண்டிருந்த மாட்டிறைச்சியின் மணத்தையும் அந்த நாற்றம் தின்றுவிட்டது.

அவர் மனைவி டோரீன் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"அதக் கழுவித் தொலையேன், கிளிஃப்."

"தேய்ச்சா கீறல் விழும். அப்புறம் உருக்கத்தான் லாயக்கு."

"என் கைய நீ இவ்வளவு பதமாப் பிடிச்சதில்ல. கல்யாணத்தன்னிக்குக்கூட."

"டோரீன்..."

"நான் அக்கா வீட்டுக்குப் போறேன். சாப்பாட்டுல, தலகாணியில எல்லாம் இதே நாத்தம். ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான்."

கார் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. அவர் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பக்கத்துக் குழிகளில் 1839-ம் 1842-ம் ஈரமாகத் தொடங்கியிருந்தன.

தேய்க்கக் கூடாது. துடைக்கக் கூடாது. நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனில் ஊறவைக்கலாம், நாணயம் சேகரிப்பவர்கள் அதை மட்டும் ஒப்புக்கொள்வார்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, சவரனை மெல்ல இறக்கினார். பிசுக்கு பாலாடைபோல ஒரே துண்டாக உரிந்து மிதந்தது.



விளிம்பை இரண்டு விரலால் பிடித்து வெளியே எடுத்தார். உலரும்வரை காத்திருந்தார். லென்ஸை வைத்துப் பார்த்தார்.

கூந்தல். ரிப்பன். காது. கீறல் ஒன்றுகூட இல்லை.

உதடுகள்.

எந்தச் சவரனிலும் ராணியின் வாய் மூடித்தான் இருக்கும்.

இதில் திறந்திருந்தது. உள்ளே பழுப்புப் பற்கள். பற்களுக்குப் பின்னால் எச்சில். எச்சிலில் ஏதோ அசைந்தது.

நாக்கு வெளியே வந்தது. கடுகளவு. சூடாக இருந்தது. அவர் கட்டைவிரலை நக்கியது.

தரையில் விழுந்தால் விளிம்பு நசுங்கும்.

அவர் பிடியை விடவில்லை. நாக்கு நகத்தடியில் நுழைந்து, நீண்டுகொண்டே போனது.