ஆளில்லாத குடிலில் எரிந்த அடுப்பு

"அந்த ஆள் உசுரோட இருக்காரா இல்லையான்னு மட்டும் சொல்லிடுங்க அண்ணே. நன்றி சொல்றதா, அழுறதான்னு அப்புறம் பாத்துக்கறேன்."

குளிர் கோட்டைக்கூடக் கழற்றாமல் ராக்னா இப்படிக் கேட்டபோது, ஓய்வுபெற்ற காவல் அதிகாரி தோர்லைவ் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். ஹில்டுர் அவசரமாக நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவள் பள்ளத்தாக்கின் பேருந்து ஓட்டுநர். தோர்லைவ் வீட்டுக்குப் புதிர் எதுவும் வந்துவிட்டால் அன்று பேருந்து தாமதம்தான்.

ராக்னா நடந்ததைச் சொன்னாள். ஈஸ்டர் விடுமுறை என்று தனியாகப் பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு மலையேறினாள். மேலே இருக்கும் பெரிய குடில்வரை போவதாக எண்ணம். மதியத்துக்கு மேல் காற்று திரும்பி, பனிப்புயலில் வானமும் தரையும் ஒன்றாகிவிட்டன.

"கட்டைக்கு அடியில பனி கட்டி கட்டியா ஒட்டிக்கிச்சு. சறுக்கவே இல்ல. கட்டையத் தோள்ல போட்டுக்கிட்டு முழங்கால் பனியில நடந்தேன். இனி முடியாதுன்னப்போ சின்னக் குடில் தெரிஞ்சுது. உள்ள அடுப்பு எரியுது. ஆள் இல்ல!"

"மேசையில என்ன இருந்துச்சு?"

"ஒரே ஒரு கோப்பை, ஒரு ஆரஞ்சு. படுக்கைக்குப் பக்கத்துல விறகு."

"அடுப்புக்கு மேல கொடியில ஈரத்துணி?"

"ஒண்ணும் இல்ல. தரையும் காஞ்சு கெடந்துச்சு. இன்னும் கொஞ்சம் விறகு எடுக்கலாம்னு கொட்டகைக்குப் போனேன், கதவு திறக்கல. பனி அடைச்சிருக்குன்னு விட்டுட்டேன். காலைல பாத்தா திறந்து கெடக்கு."

அவள் கீழே வந்து சொன்னதிலிருந்து, அடுப்பு மூட்டிய ஆள் புதைந்திருப்பாரோ என்று மீட்புக் குழு பனியைக் குத்திக் குத்தித் தேடுகிறது. தேடுகிறவர்களில் ஒருவன் ஏற்கெனவே சரிவில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டான்.

"வெளியூர்க்காரனாத்தான் இருக்கும்," என்றாள் ஹில்டுர். "அடுப்ப மூட்டிட்டுத் தண்ணி எடுக்கப் போயிருப்பான், பாவம்."

"தனக்காக மூட்டினவன் முதல்ல ஈரத்துணியக் காயப்போடுவான்," என்றார் தோர்லைவ். "இவன் வேற ஒருத்தருக்காக மூட்டியிருக்கான். வரப்போறது ஒரே ஆள், பெரிய குடிலுக்குப் போய்ச் சேராதுன்னும் தெரிஞ்சிருக்கு. ராக்னா, கட்டை சறுக்கறதுக்கு அடியில என்ன மெழுகு தடவினே?"

"சிவப்புப் பசை. காலைல வெயில் அடிச்சுதே."

ஹில்டுர் தலையில் அடித்துக்கொண்டாள். "ஈரப்பனிக்கு இருக்கறத மலைக்குத் தடவினியா? குளிர் இறங்கினா ஒட்டாம என்ன செய்யும்?"

"அதப் பாத்த ஒருத்தனுக்குத்தான் இவ எங்க நின்னு போவான்னு தெரியும்," என்றார் தோர்லைவ். "தடவும்போது பக்கத்துல யாரு?"

ராக்னாவின் முகம் இறுகியது. "யாரும் இல்ல. அந்த ஆளு இருந்தான். என் நாயச் சுட்டவன்."

ஊருக்கே தெரிந்த கதை. ராக்னாவின் நாய் ஆட்டைத் துரத்தியது, ஆட்டுக்காரன் ஓட்வார் சுட்டான். சட்டப்படி அவன் செய்தது சரி. ஆறு வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

"அவன் பசையப் பாத்தான், மேகத்தையும் பாத்தான்," என்றார் தோர்லைவ். " ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வீம்பு விடுமா? ஓடை வழியா முந்திக்கிட்டு ஏறி அடுப்ப மூட்டினான். நீ வர்றதப் பாத்ததும் கொட்டகைக்குள்ள போய் உள்தாழ்ப்பாள் போட்டுக்கிட்டான். அதுக்குள்ள புயல் முத்திடுச்சு, இறங்க வழியில்ல. ராத்திரி முழுக்க அங்கதான் இருந்திருக்கான்."

"அடுப்பு பத்தடியில எரியுது! கதவத் தட்ட மாட்டானா?"

"தட்டினா உன்கிட்டப் பேசணுமே."

"ரெண்டு நாளா ஓட்வார் பஸ்ஸுக்கு வரல," என்றாள் ஹில்டுர் மெல்ல.

அடுத்த கணம் பேருந்து அந்த மூவரைத் தவிர ஒரு பயணிகூட இல்லாமல், கால அட்டவணைக்குச் சம்பந்தமே இல்லாத திசையில், ஓட்வார் வீட்டுக்குப் பறந்தது.

ஓட்வார் கட்டிலில் காய்ச்சலோடு கிடந்தான். கால் விரல்கள் கறுத்திருந்தன. ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. தோர்லைவ் தொலைபேசியை எடுத்து, தேடுதலை நிறுத்தச் சொல்லி மருத்துவரையும் வரச் சொன்னார்.

ராக்னா வாசற்படியிலேயே நின்றாள். வழியெல்லாம் யோசித்து வைத்த நன்றி வார்த்தைகள் எல்லாம் மறந்துபோயின. அழுகை மட்டும்தான் வந்தது.

"வாயத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?" என்று கடைசியில் வெடித்தாள். "செத்துப் போயிருந்தா நான் யாருக்குய்யா நன்றி சொல்றது?"

ஓட்வார் கூரையைப் பார்த்தான். ஆறு வருடத்துக்குப் பிறகு அவளிடம் அவன் பேசிய முதல் பேச்சு இதுதான்:

"கதவச் சாத்து. குளிர் வருது."

அவள் உள்ளே வந்து சாத்தினாள்.