மலர்விழி தனியாகப் போகிறாள்

விடிந்தும் விடியாததுமாகக் குப்பம்மாள் சமையலறைப் பாத்திரங்களையெல்லாம் கூடத்துக்குக் கொண்டுவந்து இரண்டு குவியலாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் இட்லிப் பானை, அந்தப் பக்கம் குக்கர். இடுப்பெலும்பு முறிந்து ஆறு வருஷம் படுக்கையில் கிடந்து எழுந்தவள், கைத்தடியைத் தூரத் தள்ளிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டிருந்தாள்.

தலையில் ஈரத் துண்டோடு வந்த மூத்த மருமகள் மலர்விழி அப்படியே நின்றுவிட்டாள். பாத்திரங்கள் எதற்கென்று புரியவில்லை. ஆனால் மாமியாரின் முகம் சரியில்லை. இன்றைக்குப் பார்த்தா இப்படி, என்று நினைத்துக்கொண்டாள்.

நார்வே போவதற்காக இன்று பதினொன்றரை மணிக்குச் சென்னையில் விசா மையத்தில் அவளுக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். விழுப்புரத்தில் ஏழே கால் பாசஞ்சரைப் பிடித்தாக வேண்டும். இதை விட்டால் அடுத்த தேதி ஏப்ரலில். ஏப்ரலில் நார்வே வானம் சரியாக இருட்டாதாம், அவள் பார்க்க ஆசைப்பட்ட பச்சை வெளிச்சமும் கண்ணில் படாதாம். அடுத்த குளிர்காலத்துக்குள் இந்த வீட்டில் யாருக்கு என்ன வருமோ! மூன்று வருஷமாகத் தள்ளிப்போனதே அப்படித்தான். வீட்டில் திண்டிவனம் ஆபீசுக்குப் போவதாகத்தான் சொல்லியிருந்தாள். பாஸ்போர்ட் சாப்பாட்டுப் பையில், தயிர் டப்பாவுக்கு அடியில் இருந்தது.

திண்டிவனத்தில் ஒரு டிராவல்ஸில் பதினெட்டு வருஷமாக ஊராருக்கெல்லாம் விமான டிக்கெட் போட்டுக் கொடுப்பவள் அவள். தான் மட்டும் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. அவள் டிக்கெட் போட்டு அனுப்பிய கண்டமங்கலத்து நர்ஸ் இருதயமேரி நார்வேயிலிருந்து ஒருநாள் வீடியோ அனுப்பினாள். வானத்தில் யாரோ பச்சைப் புடவையை உதறிக் காயப்போடுவது போல ஒரு வெளிச்சம், துருவ ஒளியாம். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. எந்த ஊர், எந்த பஸ், எந்த மாசம் மேகம் குறைவு, பெண்கள் மட்டும் தங்கும் விடுதி எது, எத்தனை அடுக்குக் கம்பளி... எல்லாவற்றையும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தானே தேடி எழுதிவைத்தாள். டூர் கும்பலோடு போகிற எண்ணமே இல்லை. ஓசூரில் வேலை பார்க்கும் மகள் ஆர்த்தியிடம் மட்டும்தான் மூச்சு விட்டிருந்தாள்.

மற்றவர்களிடம் சொல்லாததற்குக் காரணம் உண்டு. ஒருமுறை ஊட்டியைப் பார்க்கணும் என்று வாய்விட்டாள். அது வேன் வைத்துப் பதினாலு பேர் போகும் பயணமாக வீங்கிவிட்டது. புளிசாதம் கட்டி, வாந்தி எடுத்தவர்களுக்கு எலுமிச்சம்பழம் நறுக்கி, கடைசியில் ஊட்டியில் அவள் பார்த்தது கேஸ் அடுப்பைத்தான்.

"இன்னா அத்த இதெல்லாம்?"

"நேத்து போன்ல பேசிக்கினு இருந்தியே, சின்னவ அஸ்வினி காதுல வுழுந்திச்சி. தனியாப் போறதுன்னு முடிவு பண்ணிட்டியா?"

மலர்விழியின் கண் மூலையிலிருந்த சாப்பாட்டுப் பைக்குப் போனது. கண்டுபிடித்துவிட்டார்கள். இனி மறைத்து ஆகப்போவது என்ன?

"ஆமா அத்த."

"எத்தினி நாளா இந்த நெனப்பு?"

"மூணு வருஷமா..."

குப்பம்மாளின் கையிலிருந்த கரண்டி நழுவியது. "என் புள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவரு வேணாம் அத்த... நான் மட்டுந்தான் போறேன்."

இங்கேதான் வந்தது வினை. கூட்டுக் குடும்பத்தில் ஒரு மருமகள் தனியாகப் போகிறேன் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அடுப்பைப் பிரித்துத் தனிக்குடித்தனம் போவது. இவளோ புருஷனும் வேண்டாம் என்கிறாள்.

குப்பம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டு அழுதாள். "உனக்கு இன்னா கொற வெச்சோம்... ஆறு வருஷம் என் பீ மூத்திரம் அள்ளினியே, அப்பவே வெறுத்துப் போச்சா? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

சட்டைப் பொத்தானைப் போட்டபடி மலர்விழியின் புருஷன் தென்னரசு உள்ளேயிருந்து வந்தான். விக்கிரவாண்டியில் லாரிப் பட்டறை வைத்திருப்பவன், எதற்கும் லேசில் கலங்காதவன். அம்மா சொன்னதைக் கேட்டதும் சுவரில் சாய்ந்துவிட்டான்.

"தனியாப் போறியா மலரு? வூடு... பாத்துட்டியா?"

"வூடு எதுக்குங்க? விடுதி பாத்துட்டேன்."

"ஆஸ்டலா? எந்த ஊர்ல?"

"நார்வேல."

மலர்விழி பையிலிருந்து பாஸ்போர்ட்டையும் தாள்களையும் எடுத்துப் பரப்பினாள். பச்சை வானத்தின் படம் ஒன்றும் அதில் இருந்தது. அப்போதுதான் இருபக்கத்துக்கும் குழப்பம் விளங்கியது. சமையலறை வாசலில் நின்ற சின்ன மருமகள் அஸ்வினி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அக்கா... நாந்தான் பேஜாரு பண்ணிட்டேன்."

"அப்ப நீ பிரிஞ்சு போவலியா?" என்றாள் குப்பம்மாள்.

"எங்க அத்த பிரியறது? பத்து நாள்ல வந்துடுவேன்."

"அவ்ளோ தூரம்... ஒண்டியா..." குப்பம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

தென்னரசுவுக்கு மட்டும் முகம் தெளியவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "இத்தப் பாக்க நான் கூட வரக் கூடாதா? நான் அவ்ளோ வேண்டாதவனா?"

மணி ஏழைத் தாண்டிவிட்டது. ஓடிவிடலாமா என்று இருந்தது மலர்விழிக்கு. ஆனால் இந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு எந்த ரயிலில் ஏறுவது? அடக்கி வைத்ததெல்லாம் அழுகையோடு வெளியே வந்தது.

"நீங்க வந்தா உங்களுக்குக் குளுருதான்னு பாப்பேன். அத்த வந்தா மாத்திர போட்டாங்களான்னு பாப்பேன். வானத்த எங்கங்க பாப்பேன்? இருவத்தி மூணு வருஷமா எல்லாரையும் பாத்துக்கினே இருந்துட்டேன்... ஒரே ஒரு தபா, யாரையும் பாத்துக்காம, சும்மா பாக்கணும். அவ்ளோதாங்க."

அஸ்வினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குப்பம்மாள் கையை நீட்டினாள். "கிட்ட வா." வந்து உட்கார்ந்தவளின் ஈரத் தலையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். "சொல்லாம வுட்டியேடி... நீ பாத்துக்கினதெல்லாம் எனக்குத் தெரியாமயா கெடக்குது?" பிறகு மகன் பக்கம் திரும்பினாள். "இன்னாடா நின்னுக்கினு கீற? ஜல்தி வண்டிய எடு. இப்ப இவ நின்னுட்டா அப்புறம் இந்த ஜென்மத்துல போவ மாட்டா."

"மாத்திர நான் குடுத்துக்கறேன்க்கா, நீ போ," என்று தாள்களை அள்ளிப் பையில் வைத்தாள் அஸ்வினி.

விழுப்புரம் ஸ்டேஷனை அடைந்தபோது ரயிலின் வால்தான் தெரிந்தது. தென்னரசு பைக்கை நிறுத்தவில்லை. பாசஞ்சர் ஊருக்கு ஊர் நின்று போகும், திண்டிவனத்தில் மடக்கிவிடலாம் என்றான். அதற்கப்புறம் கண்ணாடியில்கூட அவளைப் பார்க்காமல் ஓட்டினான். விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகள் வரிசைகட்டி நின்றன. ஓரமாக நுழைந்து தாண்டினான். மார்கழிப் பனியில் பத்தடிக்கு அப்பால் ரோடு தெரியவில்லை. மலர்விழி கைக்கடிகாரத்தையும் அவன் முதுகையும் மாறிமாறிப் பார்த்தாள். ரயில் போய்விடுமோ என்ற பயம் ஒன்று, இந்த மனுஷன் மனசுக்குள் கறுவிக்கொண்டே வருகிறானோ என்ற பயம் இன்னொன்று. எது பெரிது என்று அவளுக்கே தெரியவில்லை.

"கோவமாங்க?"

"இந்தப் பனிக்கே உனக்கு மூக்கு ஒழுவுது."

"அடுக்கடுக்கா போட்டுக்குவேன். எழுதி வெச்சிருக்கேன்."

"மூணு வருஷமா பக்கத்துலதானே இருந்தேன்... எனக்கு ஒண்ணும் தெரியலயே மலரு." அவன் குரல் உடைந்திருந்தது.

திண்டிவனம் ஸ்டேஷனில் அவர்கள் ஓடி நுழையும்போது ரயில் நின்றுகொண்டிருந்தது. பையை அவனே தூக்கி ஓடி, அவளை ஏற்றிப் பையைக் கையில் கொடுத்துவிட்டு, அவள் உட்கார்ந்த ஜன்னலுக்கு வந்தான். மூச்சு வாங்கியது. வண்டி நகர ஆரம்பித்தது.

"பாத்து..." என்றான்.

காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் அவன் சொல்வது அதுதான்: பாத்துப் போ. வழக்கம்போல அவள் தலையாட்டப் போனாள். அவன் பாதியில் நிறுத்திவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நாலடி கூடவே நடந்தான்.

"பாத்துட்டு வா, மலரு."

அவள் கம்பியின் மேலிருந்த அவன் விரல்களைத் தொட்டாள்.

"வர்றேங்க."