மைக்செட்காரர் வீட்டு மௌனம்

“மிஷினை நிறுத்து!”

அவள் கத்தவில்லை. மருமகளின் காதருகே குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சுக்காற்றாலேயே சொன்னாள். தையல் மிஷினின் சக்கரத்தைக் கையால் அழுத்திப் பிடித்தும் விட்டாள். பள்ளிச் சீருடையின் காலர் பாதியில் நின்றது. ஊசி பட்டென்று உடைந்தது.

மருமகள் ஊசியைப் பார்த்தாள். பிறகு மாமியாரைப் பார்த்தாள்.

“சாயங்காலம் குடுக்கணும் அத்தை. பாதிகூட முடியல. இப்ப ஓட்டாம எப்ப ஓட்டுறது?”

“உன் மாமா வேலைக்குக் கிளம்பினதும் ஓட்டிக்கோ. எனக்குத் தலை வெடிக்குது.”

“அதென்ன, மாமா வீட்ல இருந்தா மட்டும் வெடிக்கிற தலை?”

மாமியாரிடம் பதில் இருந்தது. ஆனால் சொல்ல முடியாதே!

சில வருடங்களுக்கு முன்னால், ஊர் முழுக்கக் கூட்டங்களுக்கு மைக்செட் வாடகைக்கு விடுகிற அவள் கணவர், தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். “காதுக்குள்ள விசில் அடிக்குதுடி... நிக்கவே மாட்டேங்குது. சின்னச் சத்தம்கூடத் தாங்க முடியல. வெளிய மூச்சு விட்டுடாத. மைக்செட்காரனுக்கே காது கோளாறுன்னு தெரிஞ்சா எவன் கூப்பிடுவான்?”

அன்றே அவள் தலைவலிக்காரி ஆனாள். யார் கேட்டாலும் சத்தம் ஆகாதது தனக்குத்தான் என்றாள். நாற்காலிக் கால்களுக்குப் பழைய செருப்பை வெட்டி ஒட்டினாள். கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினாள். குக்கர் விசில் அடிப்பதற்குள் ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். தெருப் பிள்ளைகள் அவளுக்கு ‘உஷ் அத்தை’ என்று பெயர் வைத்தார்கள். “ஊருக்கெல்லாம் சத்தத்தை வாடகைக்கு விட்டுட்டு, வீட்டுல ஊமைப்படம் ஓட்டுறாங்க!” என்று எதிர்வீட்டு வாத்தியார் சிரித்தார். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள்.

“போதும் அத்தை.” மருமகள் எழுந்து மிஷினுக்கு மூடியைப் போட்டுப் பூட்டினாள். “நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன். மிஷினும் வருது, குழந்தையும் வருது.”

“குழந்தை எதுக்கு?” பதறினாள்.

“எதுக்கா? ஊர்ல உள்ள குழந்தைங்க எல்லாம் முதல்ல அம்மான்னு சொல்லும், அப்பான்னு சொல்லும். எம்பொண்ணு என்ன சொன்னா? உதட்டுல விரலை வெச்சு ‘உஷ்’ன்னா! இன்னிக்கும் என்கிட்டப் பால் கேட்கறதைக்கூட ரகசியமாக் கேட்கறா. இந்த வீட்ல வளர்ந்தா அவ வாயைத் திறந்து அழக்கூட மாட்டா!”

அவள் மகன் பக்கம் திரும்பினாள். மகன் கதவோரம் வண்டிச் சாவியோடு நின்றான். அம்மாவையும் பார்க்கவில்லை, பெண்டாட்டியையும் பார்க்கவில்லை.

“நீயாவது சொல்லேன்டா...”

“என்னத்தம்மா சொல்றது? நாலு டாக்டர்கிட்டக் கூப்பிட்டேன், வந்தீங்களா? நீங்க தலைவலியை விடறதாவும் இல்ல, எங்களை விடறதாவும் இல்ல.”

மருமகள் சத்தமாக அழத் தொடங்கினாள். ஐயோ, அவர் காதுக்கு ஆகாதே! இந்த நிலையிலும் அவள் படுக்கையறைக் கதவைச் சாத்தத்தான் ஓடினாள்.

உள்ளே கணவர் காதில் ஹெட்போனோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டில் கறுப்பாக ஒரு பட்டை. புது வாட்ச் என்று சொல்லியிருந்தார். அவர் கையைத் தொட்டாள். பட்டை விட்டுவிட்டுத் துடித்தது.

“என்னங்க இது?”

அவர் திடுக்கிட்டு ஹெட்போனைக் கழற்றினார். அதிலிருந்து சின்னச் சின்னதாக ஒலிகள் வந்தன. ஒவ்வொரு ஒலிக்கும் பட்டை கூடவே அதிர்ந்தது.

“காது டாக்டரம்மா குடுத்தாங்க. போன மாசம். ஒலியும் அதிர்வும் ஒண்ணாவே போகணுமாம். போகப்போக மூளை உள்ள இருக்கிற விசிலைக் கண்டுக்காம விட்டுடுமாம். எல்லாருக்கும் பலிக்கும்னு சொல்ல முடியாதாம்... எனக்குக் கொஞ்சம் தேவலை.”

“நல்லது. நல்லதுங்க...” அவள் கண் கலங்கியது. “அப்ப வீட்டை இன்னும் கொஞ்சம் அமைதியா...”

“அமைதி கூடாதாம்.”

“என்னது?”

“சுத்தமா சத்தமே இல்லாம இருந்தாத்தான் விசில் பெரிசாத் தெரியுமாம். வீடு சாதாரணமா இருக்கட்டும், பேச்சு, பாட்டு, மிக்ஸி எல்லாம் ஓடட்டும்னாங்க.”

அவள் அவர் கையை விட்டாள்.

“போன மாசமே சொன்னாங்களா?”

“உங்கிட்ட எப்படிடி சொல்றது?” அவர் ஹெட்போனைக் கட்டிலில் போட்டார். “எனக்காக இத்தனை வருஷம் கெட்ட பேர் வாங்கின. அதெல்லாம் வீண்னு எந்த வாயால சொல்லுவேன்?”

“அதுக்காக இன்னும் ஒரு மாசம் வாங்கட்டும்னு விட்டீங்களா? அங்க மருமக மூட்டை கட்டிட்டா. வந்து சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன். உங்க வாயால வரணும்.”

“பையன் மூலமா வெளிய தெரிஞ்சா தொழில்...”

“தொழில் இருக்கும், பேத்தி இருக்க மாட்டா. வாங்க!”

அவர் வந்தார். கூடத்தின் நடுவில் நின்று பட்டை கட்டிய கையை நீட்டினார். “உங்கத்தைக்கு ஒரு நாளும் தலைவலி வந்ததில்லம்மா. காது எனக்குத்தான் கெட்டுப்போச்சு. பழியை அவ வாங்கிக்கிட்டா” என்று தொடங்கி, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். மகன் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டான்.

மருமகள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அத்தை! மனசுக்குள்ள உங்களை என்னென்னவோ திட்டினேனே...”

“மனசுக்குள்ளயா? எல்லாம் வாய்விட்டுத்தான்டி திட்டின” என்றாள் அவள். அழுகைக்கு நடுவே மருமகள் சிரித்துவிட்டாள்.

“எம்மேல கோவமாடி?” என்றார் கணவர் தயங்கி.

அவ்வளவுதான்.

“கோவமா? கோவப்படவாவது விட்டீங்களா? கல்யாணமான பொம்பளை புருஷன்கிட்ட மூச்சுக்காத்துல சண்டை போட்டு எங்கயாவது பார்த்திருக்கீங்களா? குக்கர்கிட்ட ஓடி ஓடிக் கையெல்லாம் சூடு! பெத்த பிள்ளை முகத்தைத் திருப்பிக்கிட்டான்! எங்கக்கா வந்தாக்கூட வாசல்லயே வெச்சுப் பேசி அனுப்பினேன்! எதுக்கு? உங்க விசிலுக்குத் தீனி போடவா?”

அவளுடைய முழுக் குரலை மருமகள் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள். அது ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போயிற்று. எதிர்வீட்டு வாத்தியார் செய்தித்தாளை மடித்துக்கொண்டு வெளியே வந்து நின்றார். மைக்செட்காரர் தலைகுனிந்து நின்றார்.

மூச்சு வாங்க நிறுத்தினாள். “காதுல விழுதா?”

“விழுது.”

“அந்த விசில்?”

அவர் ஒரு கணம் உற்றுக் கேட்டார். “இல்லடி... நீ திட்டறது மட்டுந்தான் கேட்குது.”

“அப்ப உட்காருங்க” என்றாள் அவள். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் வருடத்திலிருந்து ஆரம்பித்தாள்.