இடது காலர் நுனி

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குச் சென்னையின் உடைகள் எல்லாம் ஒருமுறை சிலிர்த்துக்கொண்டன. பெரம்பூர் பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. தானே வடிவம் மாறும் உருமாறித் துணி வந்த பிறகு தினமும் நடப்பதுதான். ஊரில் எங்கே புதிதாக ஓர் அழகு முளைத்தாலும் பாணிக்கணி என்ற இயந்திரம் மோப்பம் பிடித்துவிடும். மறுநாள் ஆறு மணிக்கு அது எல்லோர் உடம்பிலும் ஏறிவிடும்.

ஸ்கூட்டரில் வந்த சுலைகா, பேருந்தின் நடத்துனர் கோட்டைத் திறந்து கைக்குட்டை எடுப்பதைப் பார்த்தாள். உள்பையின் ஓரத்தில் ஊதா நூலில் ஏழு தையல். அந்த ஏழு தையல் பதினோரு பேருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்.

அந்தப் பதினோரு பேரும் தங்களை 'மாட்' (Mod) என்று சொல்லிக்கொண்டார்கள். நூறு வருடத்துக்கு முன்னால் லண்டனில் கூலி வேலை செய்த இளசுகள் சிலர், முதலாளியைவிட மிடுக்காகக் குறுகிய கோட் உடுத்தி, ஸ்கூட்டர் முழுக்கக் கண்ணாடி மாட்டித் திரிந்தார்கள்; அவர்களுக்குத்தான் முதலில் அந்தப் பெயர். எங்களை உன் அச்சில் வார்க்க முடியாது என்ற கோபம்தான் அந்த உடுப்பு. பாணிக்கணியை வெறுத்த சுலைகாவுக்கு அந்தக் கோபம் அப்படியே பொருந்தியது. சொந்தக் கையால் வெட்டினாள், தைத்தாள், பத்துப் பேரைச் சேர்த்தாள்.

குறுகிய கோட்டை இயந்திரம் திருடியது. அடுத்து அவர்கள் வைத்த நாலாவது பொத்தானைத் திருடியது. சரி, தெருக்கண் கேமராக்கள் பார்த்திருக்கும் என்று விட்டார்கள். ஆனால் ஊதாத் தையல் கோட்டுக்கு உள்ளே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டர் ஊர்வலத்துக்கு முன்னால், தெருக்கண்ணே இல்லாத பாலத்தடியில், வழக்கம்போல் அவரவர் ஸ்கூட்டர் கண்ணாடி முன் நின்று கோட்டைத் திறந்து சரிபார்த்ததோடு சரி. அந்தக் கண்ணாடிகளில் ஒரு புள்ளி அழுக்கோ கீறலோ கூடாது. பழையவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு எல்லோருக்கும் புதிதாக வாங்கி மாட்டியவள் சுலைகாதான்.

அன்று மாலை பாலத்தடியில் பதினோரு ஸ்கூட்டர்களும் வட்டமாக நின்றன. சுலைகா நேராகத் தனபாலிடம் போனாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். வேலை நேரத்தில் உருமாறி உடுத்தியாக வேண்டும் என்பது கம்பெனி உத்தரவு.

"பகல் பூரா அந்தச் சனியனப் போட்டுக்கினு சுத்தறே. உன் உடம்புலேந்துதான் போயிருக்கு."

"நான் வாயத் தொறக்கல சுலைகா. பத்து வருசமா என்னைத் தெரியும் உனக்கு."

"தெரிஞ்சுதான் ஏமாந்தேன்."

காட்டிக்கொடுத்தவனுக்கு இடது காலர் நுனி போகும். அவர்கள் வைத்துக்கொண்ட ஒரே சட்டம் அது. இதுவரை யாருக்கும் நடந்ததில்லை. தனபால் அந்தக் கோட்டைப் பதினோரு மாதம் கையால் தைத்திருந்தான். சுலைகா கத்தரியை எடுத்து நுனியை வெட்டியபோது அவன் தடுக்கவில்லை. கீழே விழுந்த நுனியைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டே போனான்.

செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு ஊர் முழுக்க இடது காலர் நுனி இல்லை.

பால் போடுகிறவனுக்கு இல்லை, பள்ளிக்கூட டீச்சருக்கு இல்லை, குப்பை வண்டிக்காரருக்கும் இல்லை. அவமானத்தைக் கூடவா திருடுவான்கள்! தனபால் பழி வாங்கிவிட்டான் என்று பொருமிக்கொண்டு சுலைகா ஸ்கூட்டரை விரட்டினாள். அவன் வீட்டு வாசலில் பிரேக் பிடித்த வேகத்தில் வண்டி சரிந்து, கண்ணாடிகள் படபடவென்று உடைந்தன.

உடைந்த ஒவ்வொரு கண்ணாடியின் முதுகிலும் கடுகளவு ஒரு கண் இருந்தது. மெல்லிய பச்சை வெளிச்சத்துடன் அது இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டுத் தனபால் வெளியே வந்தான். ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தான். கோட் போட்டிருந்தான். வெட்டுப்பட்ட நுனியைத் திரும்ப வைத்துத் தைத்திருந்தான். தையல் தழும்பு மாதிரித் தெரிந்தது. சென்னையிலேயே அப்படி ஒரு காலர் அவனுக்கு மட்டும்தான் இருந்தது.

"தப்பு பண்ணிட்டேன் தனா. கண்ணாடியில ஒரு புள்ளி இருக்கக் கூடாதுன்னு நான்தான்..."

"நீதான் வாங்கி மாட்டுனே. எங்க பத்துப் பேருக்கும் சேத்து."

"மன்னிச்சுடு."

"நான் மன்னிக்கிறது இருக்கட்டும். சட்டம்னு ஒண்ணு வச்சியே, அது உனக்குக் கெடையாதா?"

சுலைகா பையிலிருந்து கத்தரியை எடுத்து அவனிடம் நீட்டினாள். வாங்கமாட்டான் என்று ஒரு கணம் நம்பினாள். அவன் வாங்கினான், அளவு பிசகாமல் வெட்டினான், நுனியை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.

வண்டி கிளம்பவில்லை. சுலைகா நடந்து பேருந்து நிறுத்தத்துக்கு வந்தாள். அங்கே நின்ற எல்லோரையும்போல அவளுக்கும் இடது காலர் நுனி இல்லை. வாழ்நாளில் முதல்முறையாக அவளை ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பெஞ்சில் இருந்த ஒரு பெண் மட்டும் நகர்ந்து, "உக்காரும்மா" என்று இடம் விட்டாள்.